காணாமற்போன ஐந்து லிட்டர்

சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில் என்றேனும் நீங்கள் பயணம் செய்திருப்பீர்கள். பண்ருட்டியைத் தாண்டியதும் சாலையின் இருமருங்கிலும் செம்மண் பூமியும், முந்திரித் தோப்புகளும், பருவகாலமாயின் கடைகளின் முன்னே குவித்து வைக்கப்பட்ட பலாப்பழங்களும் உங்கள் கண்களுக்கு விருந்தளித்திருக்கும். காடாம்புலியூரைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், தொலைவில் உயர்ந்த புகைபோக்கிகள் தென்படத் தொடங்கும். ஆர்ச் கேட் என்று மக்கள் அழைக்கும் நுழைவாயிலில் திரும்பி உள்ளே சென்றால், அதுவரை கண்ட ஊர்களோடு யாதொரு தொடர்பும் இல்லாத வேறோர் உலகம் உங்களை வரவேற்கும். அதுவே நெய்வேலி நகரியம்.

அளவுகோல் வைத்துக் கீறியவை போன்ற நேரான சாலைகள். ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயருக்குப் பதிலாக எண் கொடுத்திருக்கிறார்கள். ஏட்டில் அதனை ‘வட்டம்’ என்பர். பேச்சில் ‘பிளாக்’ என்பர். வீடுகளைச் சுற்றிலும் மாவும் பலாவும் தென்னையும் நிழல் பரப்பும். ஷிப்ட் மாறும் நேரத்தில் தொழிலாளர்கள் சாரைசாரையாகச் செல்வதைக் காணலாம். மற்ற நேரங்களில் சாலைகள் அமைதியாகவே இருக்கும். சென்னையின் நெரிசலிலும் புகையிலும் காரோட்டிக் களைத்தவர்கள் இங்கு வந்தால், “கார் ஓட்டுவதென்றால் இத்தகைய ஊரில் அல்லவா ஓட்ட வேண்டும்! பெட்ரோல் செலவே இராதே!” என்று சொல்லுவார்கள்.

நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எத்துணைத் தவறானது என்பதை இந்த நகரியத்தில் வசிக்கும் என் சாச்சா வீட்டுக் கார் எனக்குக் கற்றுத் தந்தது. ஒரு நல்ல மனிதரின் நாணயமும் அந்தக் கணக்கில் சிக்கிக்கொண்டிருந்தபடியால், அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மண்ணுக்கடியில் உறங்கிய நெருப்பு

கார் கதைக்குள் செல்லுமுன், எரிபொருள் என்பது எத்துணை அரிய பொருள் என்பதை இந்த ஊரின் வாயாலேயே கேட்போம். 1930களில் இப்பகுதியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கரிய பொருளொன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. அதன் பின் ஆய்வுகள் பல நடந்து, 1956ஆம் ஆண்டு நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஜெர்மனியின் இராட்சத இயந்திரங்கள் மண்ணை வெட்டின. சோவியத் நாட்டின் துணையோடு கட்டப்பட்ட அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. பல்லாண்டு உழைத்த அந்த முதல் மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. பின்னர் வந்த நிலையங்கள் தொடர்ந்து இயங்கி வருகின்றன.

இங்குள்ள நிலக்கரி எளிதில் கிடைப்பதன்று. ஐம்பது மீட்டர் ஆழத்துக்கும் அதிகமான மண்ணை அகற்றினால்தான் அது கண்ணில் படும். ஒரு டன் நிலக்கரியைப் பெற ஐந்து கனமீட்டருக்கு மேல் மண்ணை வெட்டி வேறிடத்தில் கொட்ட வேண்டும். கரிப் படுகைக்கு அடியிலே பேரழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அது பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடிக்காதிருக்க இரவும் பகலும் பம்புகள் இயங்க வேண்டும். சுரங்கம் விரிய விரியச் சுற்றியுள்ள கிராமங்கள் நிலத்தைக் கொடுத்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காகப் பச்சை நெற்பயிரின் மீது இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் அதனை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள்.

நம் கார்களில் நெய்வேலியின் கரி எரிவதில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள வெப்பம், ஏறத்தாழ 3 கிலோ பழுப்பு நிலக்கரியில் உள்ள வெப்பத்துக்குச் சமம். அந்த 3 கிலோவை எடுக்க நெய்வேலியில் ஒரு குடம் நிறைய மண்ணை வெட்டி எறிய வேண்டும். நாம் அசட்டையாக எரித்து வீணாக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு குடம் மண் என்று நினைத்துக்கொண்டால், அந்த லிட்டரின் மதிப்பு விளங்கும். நம் நாடு பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் கடல் கடந்து வருவது. அந்த எண்ணெய் பிறக்கும் வளைகுடா நாடுகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் வெயிலில் நின்று உழைக்கிறார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சாச்சா வீட்டுக் கார்

என் சாச்சா கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர். அவருடைய மகனுக்கு நெய்வேலியில் வேலை. ஆகவே சாச்சாவும் சாச்சியும் நகரியத்தில் மகனுடைய குடியிருப்பில் வந்து தங்கினர். மகன் ஷிப்ட் முறையில் வேலைக்குச் செல்பவர். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடவும் அழைத்து வரவும், சந்தைக்கும் மருந்துக்கடைக்கும் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலுக்கும் சென்று வரவும் ஒரு சிறிய பெட்ரோல் கார் வாங்கினார்கள். சாச்சாவுக்குக் கண்பார்வை குறைந்திருந்ததால், மந்தாரக்குப்பம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை டிரைவராக அமர்த்திக்கொண்டனர். அவருடைய குடும்பம் சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த குடும்பம். அதிர்ந்து பேசாதவர்.

கார் வாங்கும்போது லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லியிருந்தார்கள். கணக்கெழுதிய கை சும்மா இருக்குமா? சாச்சா மாதந்தோறும் எழுதி வந்தார். 12 கிலோமீட்டருக்கு மேல் ஒரு மாதமும் தேறவில்லை. ஊரின் சில்லறைப் போக்குவரத்துக்காக ஓரளவு தள்ளிக் கொடுத்துப் பார்த்தாலும், மாதம் நாலைந்து லிட்டருக்குக் கணக்கு உதைத்தது. எங்கே போகிறது அந்தப் பெட்ரோல்? வீட்டுக்குள் மெல்லப் பேச்செழுந்தது. “டிரைவர் இறக்கி விற்கிறாரோ?” என்று ஒருவர் சொல்ல, “யார் கண்டது!” என்று மற்றவர் சொல்ல, நாளடைவில் அந்தச் சந்தேகம் உண்மை போலவே வீட்டில் உலவத் தொடங்கியது. தொலைபேசியில் இதனைக் கேட்டபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஆதாரமின்றி ஒருவரைச் சந்தேகிப்பது எத்துணைப் பெரிய குற்றம் என்பதை ஜும்ஆ பயான்களில் நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

விடுமுறையில் நெய்வேலிக்குச் சென்றேன். “ஒரு மாதம் வண்டியை நானே ஓட்டுகிறேன்; டிரைவருக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள்” என்றேன். சாச்சா அவரை அழைத்துச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. ஆயினும் அவருக்குப் புரியாமலா இருக்கும்? “சரிங்க பாய்” என்று மட்டும் சொல்லிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிச் சென்றார்.

அளக்கும் முறை

மைலேஜ் கண்டுபிடிப்பதில் நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு, முள்ளைப் பார்த்துக் கணக்கிடுவது. ‘ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டேன், இவ்வளவு தூரம் ஓடியது’ என்பதும் அளவாகாது. சரியான முறை எளியது. பெட்ரோல் பங்க்கில் பம்பு தானாக நிற்கும்வரை டேங்க்கை நிரப்புங்கள். கிலோமீட்டர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நாள் ஓட்டியபின் அதே பங்க்கில், கூடுமாயின் அதே பம்பில், மீண்டும் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். ஒரு தடவையோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று தடவை செய்தால் பிழை குறையும்.

அவ்வாறே நிரப்பி, நகரியத்துக்குள் சாச்சா வீட்டு வழக்கப்படி 22 நாள் ஓட்டினேன். 264 கிலோமீட்டர் ஓடியிருந்தது. திரும்ப நிரப்பியபோது பம்பு 22 லிட்டரில் நின்றது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர்!

நானே ஓட்டியிருக்கிறேன். சாவி என் பையைவிட்டு அகலவில்லை. ஆயினும் அதே 12. பெட்ரோலை யாரும் திருடவில்லை என்பது அந்தப் பங்க்கில் நிற்கும்போதே சாச்சாவுக்கும் எனக்கும் தெளிவாகிவிட்டது. சாச்சா ஒன்றும் பேசவில்லை. வீடு வரும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்காக அதே காரில் நால்வர் சென்னைக்குச் சென்று திரும்பினோம். ஏ.சி. ஓடியது. பெட்டிகளும் இருந்தன. 412 கிலோமீட்டர் ஓடிய பின்னும் 22 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே செலவாகியிருந்தது. லிட்டருக்கு ஏறத்தாழ 19! ஒரே கார், ஒரே ஓட்டுநர், ஒரே பங்க். வேறுபட்டது பயணத்தின் தன்மை ஒன்றுதான். மைலேஜ் என்பது காரோடு கூடப் பிறந்த குணமன்று. நாம் அதனை ஓட்டும் வாழ்க்கையின் குணம் என்பதை அன்று உணர்ந்தேன்.

ஏட்டிலுள்ள 20

நிறுவனங்கள் சொல்லும் மைலேஜ் பொய் என்று சிலர் சினந்து பேசுவதுண்டு. அது பொய்யன்று, ஆனால் அது வேறோர் உலகத்துக் கணக்கு. புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்களில் கார் சாலையில் ஓடுவதில்லை. உருளைகளின் மேல் நிறுத்தப்பட்டு, நின்ற இடத்திலேயே சக்கரங்கள் சுழல, வகுத்து வைத்த ஓட்ட முறைப்படி ஓட்டப்படுகிறது. இந்தியாவில் நீண்ட காலமாகப் பயன்பட்டு வந்த முறையில் சோதனையின் மொத்த நேரம் 1180 வினாடி. அதாவது இருபது நிமிடத்துக்கும் குறைவு. உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஏ.சி. அணைக்கப்பட்டிருக்கும். எதிர்க்காற்றில்லை, மேடு பள்ளமில்லை, குறுக்கே ஓடும் ஆடில்லை. கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வாங்க அந்த எண் உதவும். நம் வீட்டுச் செலவுக்கு அது அளவுகோலாகாது.

நகரியத்தின் இரகசியம்

நெரிசலே இல்லாத நெய்வேலியில் மைலேஜ் ஏன் சரிந்தது? முதற்காரணம், ஊரின் வசதியே. எல்லாம் அருகில் இருக்கின்றன. பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர், கடைத்தெரு ஒன்றரை கிலோமீட்டர். குளிர்ந்து கிடக்கும் என்ஜினை இயக்கினால், அது சூடேறும்வரை வழக்கத்தைவிட அதிகப் பெட்ரோலைக் குடிக்கும். ஆயிலும் தடித்திருக்கும். சூடேறிச் சீராக ஓட அதற்குச் சில கிலோமீட்டர் ஆகும். நாமோ அதற்குள் போய்ச் சேர்ந்து அணைத்துவிடுகிறோம். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம். இவ்வாறு பிய்த்துப் பிய்த்துச் செல்லும் குறும்பயணங்கள், அதே தூரத்தை ஒரே சுற்றாகச் சென்று வருவதைவிட இரு மடங்கு வரை எரிபொருள் கேட்கக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. நமது வெப்பநாட்டில் அந்த அளவுக்கு இராதெனினும், இழப்பு இல்லாமற்போவதில்லை.

இரண்டாவது, வேகத்தடைகளும் ரவுண்டானாக்களும். நேரான சாலையைக் கண்டதும் கால் தானாகவே அழுத்துகிறது. அடுத்த திருப்பத்தில் பிரேக் போடுகிறோம். பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும், பெட்ரோலை எரித்துப் பெற்ற வேகத்தைச் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். விரட்டி ஓட்டி, அழுத்தி நிறுத்தும் வழக்கத்தால், நின்று நின்று செல்லும் சாலைகளில் மைலேஜ் நூற்றுக்கு 10 முதல் 40 பங்குவரை குறையலாம். தொலைவிலேயே தடையைக் கண்டு காலை எடுத்துவிட்டால், கார் தன் வேகத்திலேயே உருண்டு வந்து சேரும்.

மூன்றாவது காரணமே எங்களைத் தலைகுனியச் செய்தது. நெய்வேலியின் வெயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காருக்குள் குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்பது சாச்சியின் கட்டளை. ஆகவே டிரைவர் கால்மணி முன்னதாகச் சென்று, என்ஜினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டபடி பள்ளிக்கூட வாசலில் காத்திருப்பார். அதே கட்டளைப்படி நானும் 22 நாள் காத்திருந்தேன். நாளுக்குக் கால்மணி என்றால் 22 நாளுக்கு ஐந்தரை மணி நேரம். ஏ.சி.யோடு நின்றபடி ஓடும் சிறிய கார், மணிக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை எரிக்கும். ஆக, நாலு முதல் ஐந்தரை லிட்டர்!

சாச்சா தேடிய நாலைந்து லிட்டர் அதுவே. அது களவு போகவில்லை. எங்கள் வீட்டுக் கட்டளையால், எங்கள் வீட்டுப் பிள்ளையின் இருக்கையைக் குளிர்விக்கவே எரிந்திருந்தது.

குழந்தை வெயிலில் வாட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வண்டியை மரநிழலில் நிறுத்திவைத்து, பிள்ளை வெளியே வரும்போது நான்கு சன்னல்களையும் திறந்து, அடைபட்ட வெப்பக் காற்றை வெளியேற்றி, சிறிது தூரம் ஓடியபின் ஏ.சி.யைப் போட்டால் குளிர்ச்சிக்குக் குறைவிராது. கொளுத்தும் வெயிலில் குறும்பயணங்களின்போது ஏ.சி. மட்டுமே நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் மைலேஜைக் குறைக்கவல்லது. ஏனெனில் உலையாய்க் கிடக்கும் காரைக் குளிர்விக்கும் முதற் சில நிமிடங்களில்தான் அது பெரும்பாடு படுகிறது.

நெடுஞ்சாலையில் காற்றோடு போர்

இனி ஊரைவிட்டு வெளியே செல்வோம். ஒருநாள் வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாக, வீராணம் ஏரியை ஒட்டி லால்பேட்டைக்குச் சென்றோம். ஏரிக்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு செல்வது எத்துணை இன்பமோ, அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு செல்வது காருக்கு அத்துணைப் பெரும்பாடு. காற்றின் தடை வேகத்தோடு சேர்ந்து வளர்வதன்று. வேகத்தின் வர்க்கமாக வளர்வது. மணிக்கு 80 கிலோமீட்டரில் 100 பங்காக இருக்கும் தடை, 100 கிலோமீட்டரில் 156 பங்காகிவிடும். பெரும்பாலான சிறு கார்கள் மேல் கியரில் 50 முதல் 70 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போதுதான் சிக்கனமாக ஓடுகின்றன.

இவ்வுண்மையை உலகம் ஒரு நெருக்கடியில் கற்றது. 1973 அக்டோபர் போரின்போது அரபு நாடுகள் எண்ணெய் வழங்குவதைத் தடுத்தன. விலை பன்மடங்காயிற்று. அமெரிக்க அரசு 1974இல் நாடு முழுவதும் வேக வரம்பை மணிக்கு 55 மைலாக, அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டராகக் குறைத்தது. அந்தச் சட்டம் 1995வரை நீடித்தது. நம் நாட்டிலும் எண்ணெய்ச் சிக்கனத்தை மக்களுக்கு எடுத்துரைக்க 1978இல் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. சிக்னலில் என்ஜினை அணையுங்கள், டயரில் காற்றைச் சரிபாருங்கள் என்று அது செய்த விளம்பரங்கள் பலருக்கு நினைவிருக்கலாம்.

சாச்சா வீட்டுக் காரின் தலைமேல், பெருநாள் பயணம் ஒன்றுக்காகப் பொருத்திய கேரியர் ஓராண்டாகக் கழற்றப்படாமல் இருந்தது. மூட்டை ஏற்றிய கேரியர் காற்றில் மதில்போல் நிற்கும். வெறும் கேரியர்கூட வேகமான சாலையில் தடைதான். சென்னைப் பயணத்துக்கு முன்பே அதனைக் கழற்றி வைத்தோம். சன்னல்களைத் திறந்துவைத்து விரைவதும் அப்படியே. மெதுவாகச் செல்லும்போது சன்னலைத் திறப்பது சிக்கனம். நெடுஞ்சாலையில் அளவாக ஏ.சி. போட்டுக்கொள்வதால் பெரிய இழப்பில்லை.

சிறியவையும் சில உண்டு. டயரில் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி காற்று தானாகவே குறையும். எங்கள் டயர்களில் 33 இருக்க வேண்டிய இடத்தில் 27தான் இருந்தது. இதனால் மைலேஜில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு போகும். அதைவிடப் பெரிய கேடு, டயர் ஓரம் தேய்வதும் வெயிலில் வெடிப்பதும் ஆகும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்க வேண்டும். டிக்கியில் மறந்துபோன ஓர் அரிசி மூட்டை, நூற்றுக்கு ஒரு பங்கைத் தின்னும். என்ஜின் ஆயில் உரிய தரத்தில் இல்லையென்றால் இன்னும் ஒன்றிரண்டு பங்கு.

பழைய நம்பிக்கைகள் சிலவற்றை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். கார்புரேட்டர் வைத்த பழைய கார்களில் ஏர் ஃபில்டர் அழுக்கடைந்தால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். இன்றைய கார்களில் காற்றுக்கேற்பப் பெட்ரோலைக் கணினியே குறைத்துக்கொள்வதால், அழுக்கடைந்த ஃபில்டர் இழுவையைத்தான் பெரிதும் குறைக்கும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சமாகும் என்பதும் பழங்கதை. இக்காலக் கார்களில், கியரிலேயே வைத்துக் காலை எடுத்துவிட்டால் பெட்ரோல் அறவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் சொட்டிக்கொண்டிருக்கும்; பிடிப்பும் இராது. ஆகையால் அது ஆபத்தும்கூட.

பெட்ரோலும் முன்போல் இல்லை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடெங்கும் பரவலாயிற்று. நாம் வழியெங்கும் காணும் கரும்பிலிருந்தும், சோளம், அரிசி போன்ற தானியங்களிலிருந்தும் எத்தனால் வடிக்கப்படுகிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் அதில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பம் குறைவு. ஆதலால் கலவையில் நூற்றுக்கு ஆறேழு பங்கு வெப்பம் குறைந்துவிடுகிறது. அதற்கென்றே வடிவமைத்த என்ஜின்களில் இழப்புச் சற்றுக் குறையும். பழைய கார்களில் கூடுதலாகத் தெரியும். மைலேஜ் திடீரெனக் குறைந்தால் டிரைவரையோ மெக்கானிக்கையோ பழிக்குமுன் இதனையும் நினைவிற்கொள்ளுங்கள்.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம்

காரணங்கள் தெரிந்ததும் சாச்சா தாமே ஒரு திட்டம் வகுத்தார். காலையில் பேரனை விட்டுத் திரும்பும் வழியிலேயே காய்கறியும் மருந்தும். அரை கிலோமீட்டருக்குள் என்றால் நடை. வாசலில் காத்திருக்கும்போது என்ஜின் ஓடக்கூடாது. டயரில் 33. இவ்வளவுதான்.

ஆனால் அதற்குமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்றிருந்தது. ஒருநாள் மாலை அஸர் தொழுகைக்குப்பின் சாச்சாவும் நானும் அந்த டிரைவரின் கிராமத்துக்குச் சென்றோம். எங்களைக் கண்டதும் திண்ணையைத் துடைத்து உட்காரச் சொன்னார். சாச்சா வார்த்தை தேடித் தடுமாறினார். பின்னர், “தம்பி, கணக்கு என் பக்கத்திலேதான் தப்பு. மனசிலே வைச்சுக்காதீங்க” என்றார்.

அவர் உள்ளே சென்று ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து நீட்டினார். பெரிய பெரிய எழுத்துகளில், முதல் நாளிலிருந்து ஒவ்வொரு பயணமும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. புறப்பட்ட எண், சேர்ந்த எண். நாள்தோறும் ஒரே வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது: ‘பள்ளிக்கூட வாசல், ஏ.சி., 15 நிமிடம்.’

“இதை ஏன் முன்பே காட்டவில்லை?” என்று கேட்டேன்.

“நீங்க கேட்கலையே பாய். கேட்காம நானே கொண்டுவந்து காட்டினா, என்மேலே சந்தேகம்னு நானே சொன்ன மாதிரி ஆயிடுமே” என்றார்.

முப்பதாண்டு கணக்கெழுதிய சாச்சா அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தார். எழுந்தபோது, மறுநாள் காலை வண்டிக்கு வருமாறு அவரைக் கேட்டுக்கொண்டார். அவரும் வந்தார். அடுத்த 22 நாள் அவரே ஓட்டினார். நான் ஊர் திரும்பிய பிறகு சாச்சா கணக்கைத் தொலைபேசியில் வாசித்தார்: 240 கிலோமீட்டர், 16 லிட்டர், லிட்டருக்கு 15. ஆறு லிட்டர் மிச்சம்; நெய்வேலிக் கணக்கில் சொன்னால் ஆறு குடம் மண்.

வாசகர்களே! லால்பேட்டை செல்லும் வழியில் வடலூரைக் கடந்தோம் என்றேனல்லவா? அங்கே இராமலிங்க அடிகளார் 1867இல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து, பசித்தவர்க்குச் சோறு தருகிறது. ஓயாமல் எரிவதனால் மட்டும் ஒரு நெருப்பு வீணாகிவிடுவதில்லை. யாருக்கும் பயனின்றி எரிவதே விரயம். உங்கள் வீட்டு வாசலில், கடையின் முன்னே, பள்ளிக்கூடத்தின் எதிரே நின்றபடி உறுமிக்கொண்டிருக்கும் வண்டி யாருக்காக எரிகிறது என்று ஒரு கணம் கேட்டுப் பாருங்கள்.

அதனினும் பெரிதாக ஒன்று. நம் வீட்டில் பணிபுரிவோர்மீது ஐயம் எழும்போது, பழியை நினைக்குமுன் அளவை எடுங்கள். பெட்ரோல் கணக்கில் வந்த பிழையைத் திருத்த ஒரு மாதம் போதும். புண்பட்ட மனிதரின் மனத்தை ஆற்ற எத்தனை மாதம் ஆகுமோ! அடுத்த முறை நெய்வேலிப் பக்கம் செல்லும்போது, இன்ஷா அல்லாஹ், நீங்களும் டேங்க்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். குறிப்பெழுத ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.